நடுவில் போன அஞ்சு வருஷம்

ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊருக்குப் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"நேத்து ஒரே நாள்ல அஞ்சு வருஷம் போயிருச்சு, பாக்கியம்."

"என்னடி சொல்ற?"

"டிவி நாடகத்துலதான். புருஷன் செத்துட்டான்னு அவ அழுதுகிட்டு இருந்தா. விளம்பரம் முடிஞ்சு பாத்தா, 'ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு'ன்னு போட்டுட்டான். சிரிச்சுகிட்டே புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறா."

"நாடகம்னா அப்படித்தான் லா."

"எங்க வீட்டுக்காரரு போயி நாலு மாசம் ஆச்சு. நடுவுல அவ எப்படி எந்திரிச்சான்னு பாக்கத்தானே நான் தெனமும் டிவி முன்னாடி உக்காந்திருந்தேன்."

பாக்கியம் மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு போன மொத வருஷம், அவருக்கும் சேத்துதான் சோறு வடிச்சேன். கை கேக்கல. யாருகிட்டயும் சொன்னதில்ல."

"அந்தச் சோத்த என்ன செஞ்ச?"

"மறுநாள் வேலைக்குக் கட்டிக்கிட்டு வருவேன். பாதிய நீதானே சாப்பிட்ட."

"அடிப்பாவி!" என்று சிரித்தாள் மற்றவள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாக்கியத்தின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லு. அப்புறம்?"