கதவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனது குறித்து

“வாம்மா மரிசேலா. சாப்பிட்டியா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கே, தூங்கலியா? அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு? இந்தப் பனிமூட்டத்துல அவங்கள வெளிய விடாத.”

இதையும் எழுத வேண்டுமா என்று கேட்கிறீர்கள். எழுதுங்கள். வாயைத் திறந்ததிலிருந்து எழுதினால்தான் அது என் வாக்குமூலம். உங்களைக் கைக்குழந்தையாகப் பார்த்தவன் நான். இருந்தாலும் காவல் உடுப்பில் உட்கார்ந்திருப்பதால் இனி ‘நீங்கள்’ என்றே சொல்கிறேன்.

என் பெயர் ஹிலாரியோ போகானெக்ரா. வயது எழுபத்தொன்று. எல் சௌஸால் குடியிருப்பில், கால்வாய்க்கு மேற்கே, அத்தி மரம் நிற்கிற மஞ்சள் வீடு. வீட்டுக்கு எண் உண்டு, அது தபால்காரருக்குத்தான் தெரியும். திராட்சைத் தோட்டங்களில் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை.

இன்று காலை எங்கள் காசாவின் முன்கதவைக் கழற்றி எடுத்துப் போனது நான்தான். காசா என்று நாங்கள் சொல்வது தெருமுனையில் இருக்கும் பொது வீட்டை. நான் கதவைத் திருடவில்லை. ஊரைக் கேட்பதற்காக எடுத்துப் போனேன். அது என்ன கேட்பது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்த நாட்டுக்காரன் இல்லை என்று இங்கே தள்ளுவார்கள், மெக்சிகோக்காரன் இல்லை என்று அங்கே சிரிப்பார்கள். நான் வாலிபனாக இருந்த அந்தக் காலத்தில்தான், எல்லைக்கு இந்தப் பக்கம் வளர்ந்த மெக்சிகோ வம்சத்தவரான நாங்கள், சிக்கானோக்கள் என்று நாங்களே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தோம். காசா இருக்கும் கட்டடம் அப்போது யாரோ கைவிட்டுப் போன பம்பு வீடு. வாசலில் சங்கிலி, உள்ளே புறாக்கள். குகா வில்லாசெனோர் என்று ஒரு பெண், தக்காளித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், எங்களையெல்லாம் அங்கே கூட்டிப்போனார். சங்கிலியை வெட்டிக் கால்வாயில் போட்டோம். போட்டபோது சத்தமே வரவில்லை. தண்ணீர் அதை வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. அதன் பிறகு புறாக்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. நாங்கள் வழி விட்டு நின்றோம். அதை இப்போதும் சில நாள் கனவில் பார்க்கிறேன், ஆனால் கனவில் புறாக்கள் நடந்து போகின்றன.

அதன் பிறகு ஒருவர் புதுப் பூட்டு வாங்கி வந்தார். குகா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “சாவி ஒருத்தர் கையில இருந்தா மத்தவங்க எல்லாம் விருந்தாளிப்பா” என்றார். அன்றைக்கே உள்சுவரில் சிவப்புச் சாயத்தில் எழுதினோம். இந்த வீட்டுக்குப் பூட்டு இல்லை. கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது. கேட்பது என்றால் வீடு தேடிப் போய், உட்கார்ந்து கேட்பது. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்தச் சுவரை எனக்குத் தெரியும்.

இப்போது காசாவின் தலைவி ரெபேகா சாந்தில்யான். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவன் நான். அதனால் என்னை நினோ என்று கூப்பிடுவாள். படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்த பெண், நல்ல பெண், அவள்மேல் எனக்கு வழக்கு இல்லை. போன மாதம் காசாவில் திருட்டுப் போனது. ஒலிபெருக்கி, தாமிரக் கம்பி, ஃபெர்மின் ஒலாகேயின் அக்கார்டியன். காப்பீட்டுக்காரர்கள் பூட்டு போடச் சொன்னார்களாம். ரெபேகா எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்பினாள். நிறையப் பேர் கட்டைவிரல் படம் போட்டார்கள். சரி, ஊரைக் கேட்டாயிற்று என்று நேற்றுச் சாயங்காலம் பூட்டு போட்டுவிட்டார்கள். என் போன் பேச மட்டும்தான் உதவும்.

இன்று விடிகிற நேரத்தில் வீட்டிலிருந்து கிளம்பினேன். மூட்டம் என்றால் அப்படி ஒரு மூட்டம். என் மைத்துனன் ஒருமுறை இந்த மாதிரி மூட்டத்தில் பக்கத்து வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, முட்டையும் பீன்ஸும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அது தன் வீடு இல்லை என்று கண்டுகொண்டான். பரிமாறிய அம்மாளும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, அது வேறு கதை.

கவாத்து ஆட்கள் வேன் வரும்வரை காசாவுக்குள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து காபி குடிப்பது வழக்கம். இன்று அவர்கள் சுவரோரம் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். கைகளை அக்குளில் செருகியிருந்தார்கள். தலைமுடியில் பனி கோத்திருந்தது. நிகானோர் என்ற ஆள், வேலைக்குப் புதியவன், என்னிடம், “கதவு பூட்டியிருக்கு, உள்ள யாரோ பெரிய மனுசங்க இருக்காங்க போல, தட்டலாமான்னு யோசிக்கிறோம்” என்றான். எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அப்படிக் கேட்டான்.

அதன் பிறகு நான் கவாத்துக் கத்தரியின் பிடியால் கீல் முளைகளைத் தட்டிக் கழற்றினேன். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. முளைகள் வெளியேதான் இருந்தன. பூட்டுக் கொண்டி கொஞ்சம் அடம் பிடித்துவிட்டு வந்தது. ஆட்கள் உள்ளே போய் அடுப்பு மூட்டினார்கள். கதவைக் கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன். யாராவது கேட்க வேண்டும் அல்லவா? எதைப் பற்றிக் கேட்கிறேனோ அதையே கொண்டுபோனால் நல்லது என்று பட்டது.

மூட்டத்தில் என் கால் எனக்கே தெரியவில்லை. முதுகில் கனம் இருந்தது, ஆனால் நடக்கிறேன் என்று தோன்றவில்லை. தெருதான் என்னைத் தாண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாய் கூடவே வந்தது. கதவு மட்டும் மிதந்து போவதைப் பார்த்ததாகப் பிறகு இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர்கள் யாரும் பயப்படவில்லை. எங்கோ போகிறது என்று நினைத்தார்களாம்.

முதலில் சாயோ த்ரெவின்யோ வீடு. கதவைத் திறந்தவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஏன்யா ஹிலாரியோ, கதவத் தட்டுறதுக்குக் கதவையே தூக்கிட்டு வந்த ஒரே ஆளு நீதான்! உன் பொண்டாட்டி வெளிய தள்ளிப் பூட்டிட்டாளா?” என்றாள். உட்கார்ந்தேன். இனிப்பு ரொட்டி கொடுத்தாள். காசாவுக்குப் பூட்டு வேண்டுமா என்று கேட்டேன். “என் புருசன் செத்த அன்னிக்கு, அழுறதுக்கு அங்கதான் போனேன். யார்கிட்டயும் சாவி கேக்கல” என்றாள். அதை மனதில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு ஃபெர்மின் ஒலாகே வீடு. அவன் என் பழைய நண்பன், அக்கார்டியனைப் பறிகொடுத்தவன். கேள்வியை நான் முடிப்பதற்குள், “போடு. ரெண்டு பூட்டாப் போடு. அது எங்கப்பா வாசிச்ச பெட்டி” என்றான்.

“சரி, அதையும் அப்படியே சொல்றேன்” என்றேன்.

“என்னது, சண்டை போட மாட்டியா?”

“கேக்கத்தான் வந்தேன், கெழவா. மல்லுக்கட்ட வரல.”

அவன் எழுந்தான். அதன் பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து கதவின் பின்முனையைப் பிடித்தான். “நீ ஒத்தையில தூக்கி முதுகு ஒடிஞ்சா, பூட்டு வேணும்னு சொன்னவன்தான் ஒடிச்சான்னு ஊரு பேசும். நட” என்றான். இப்படியாகப் பூட்டு வேண்டும் என்றவனும் வேண்டாம் என்றவனும் ஒரே கதவைத் தூக்கிக்கொண்டு அந்தத் தெரு முழுவதும் கேட்டோம். சிலர் வேண்டும் என்றார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். போனில் கட்டைவிரல் போட்ட ஒரு பெண், எதற்குப் போட்டோம் என்று ஞாபகமில்லை என்றாள். எல்லா வீட்டிலும் உட்கார்ந்தோம். என் வயிற்றில் இப்போது காபியையும் அந்த ரொட்டியையும் தவிர ஒன்றும் இல்லை.

அதற்குள் மீதிச் சாவிகளைக் கொடுக்கப் பூட்டுக்காரர் காசாவுக்கு வந்து பார்த்து, பூட்டும் இல்லை, கதவும் இல்லை என்று உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். கால்வாய்ப் பாலத்தருகே உங்கள் வண்டி விளக்குகள் இரண்டு நிலாக்கள்போல் வந்து நின்றன. அவற்றின் பின்னாலிருந்து ரெபேகா ஓடி வந்தாள்.

“நினோ, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க? நான்தான் எல்லாரையும் கேட்டேனே! எத்தன பேரு கட்டைவிரல் போட்டாங்க தெரியுமா?”

“அந்தக் கட்டைவிரலோட உக்காந்து காபி குடிச்சியாம்மா?”

“காப்பீடு போச்சுன்னா காசாவையே மூடிருவாங்க. அது புரியுதா உங்களுக்கு?”

“இத அவங்ககிட்ட சொன்னியா? சாயோகிட்ட சொன்னியா? ஒருத்தருக்கும் தெரியல. சொல்லியிருந்தா ஒருவேளை எல்லாரும் பூட்டே கேட்டிருப்பாங்க.”

ஃபெர்மின் இருமினான். அதன் பிறகு ரெபேகா திரும்பி மூட்டத்துக்குள் நடந்துபோனாள். முதலில் கால்கள் மறைந்தன, பிறகு தோள், கடைசியாகக் கழுத்தில் சுற்றியிருந்த சிவப்புத் துண்டு. கதவு வண்டிக்குள் நுழையாததால் கூரைமேல் கட்டி இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தோம். இப்போது உங்கள் தாழ்வாரத்தில் சாய்ந்து நிற்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதன் பிடியைத் திருகிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், நானும் ஒருமுறை திருகினேன்.

திருட்டு என்று எழுதினாலும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே கவலைதான். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடுகளை இன்னும் கேட்கவில்லை. உங்கள் அம்மாவையும் கேட்கவில்லை. நாளைக்கு இந்தக் கதவைக் கொண்டுபோய்ப் பழையபடி மாட்டிப் பூட்டிவிட்டால், கேட்காமல் மாற்றியது மாற்றியதாகவே நின்றுவிடும். அடுத்த முறை யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். பூட்டு வந்தால் வரட்டும். உட்கார்ந்து கேட்டு வரட்டும்.

அவ்வளவுதான். இதில் நானாகக் கூட்டியது ஒன்றும் இல்லை, மைத்துனன் சாப்பிட்ட முட்டை உட்பட. யாரும் மிரட்டவில்லை, காபிகூடக் கொடுக்கவில்லை. நீங்கள் வாசித்துக் காட்டினால் கேட்டுவிட்டு, இது நான் சொன்னதுதான் என்று கையெழுத்துப்

“நினோ! இன்னும் கத சொல்லிட்டு இருக்கீங்களா? எந்திரிங்க. மீதி வீட்டையெல்லாம் நான்தான் கேக்கணும், நீங்க இல்ல. காப்பீட்டு விசயத்தையும் நானே சொல்றேன். ஆனா இந்தக் கதவ என்னால ஒத்தையில தூக்க முடியல.”

(கூறியவர் வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து சென்றார். கையெழுத்து பெறப்படவில்லை. காசாவின் சார்பில் புகாரை ரெபேகா சாந்தில்யான் திரும்பப் பெறுவதாக வாய்மொழியாகக் கூறிச் சென்றார். பதிவு செய்தவர்: மரிசேலா லெதேஸ்மா, துணைக் காவலர்.)