நேரில் கண்டறிந்தது

மாடிப்படி ஏறுவதென்றால் எனக்கு ஆகாது, ஐயா. முழங்கால் மக்கர் செய்கிறது. ஆனால் நலத்துறை அலுவலகத்தில் என் வேலையே படியேறுவதுதான். உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு அது உண்மையிலேயே தேவைதானா என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

போன வருடம் என் பக்கத்து மேசைக்காரரை ஒருவன் ஏமாற்றினான். கண் தெரியாதென்று கையெழுத்து வாங்கிப் போனவன் லாரி ஓட்டுவதை யாரோ படம்பிடித்துப் பரப்பிவிட்டார்கள். பேருந்தில், முடிதிருத்தும் கடையில், எங்கே போனாலும் அதே பேச்சு. நாம் மாடாய் உழைத்து வரி கட்டுகிறோம், எவனோ காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறான். பக்கத்து மேசைக்காரருக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து எனக்குப் பயம். பேனாவைத் திறந்தாலே உள்ளங்கை வேர்த்துவிடும்.

அப்போதுதான் உதவித்தொகை வாங்கும் ஒரு கொத்தனாரைப் பற்றி மொட்டைக் கடுதாசி வந்தது. சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். மூன்றாவது மாடி. அவர் ஜன்னலோரம் நின்று தெருவை வேடிக்கை பார்த்ததைக் கண்ணால் கண்டதாக எழுதியிருந்தது.

போனேன். படுத்தபடியே வரவேற்றார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கால் இருக்கு சார். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தைதான் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். உண்மையிலேயே முடியாதவருக்குச் சிரிப்பு எப்படி வரும்? கட்டிலடியில் துடைத்து வைத்த செருப்பு வேறு. ஜன்னலைப் பற்றிக் கேட்டதும் அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். சாயங்காலங்களில் தானே அவரை மார்போடு அணைத்துத் தூக்கி, கொஞ்ச நேரம் தெருவைப் பார்க்கட்டும் என்று நிறுத்திப் பிடிப்பதாகச் சொன்னார். அழகான பதில். அழகான பதில்கள்தான் பக்கத்து மேசைக்காரரைக் கவிழ்த்தன.

மருத்துவச் சான்று இருந்தது, மறுக்கவில்லை. லாரிக்காரனிடமும் இருந்தது.

மூன்று நாள் தூக்கமில்லை. உயிர்ப்பயம் பொய் சொல்லாது என்று தோன்றியதும் மனம் லேசானது. அவர் மனைவி சலவைக்கடைக்கு வேலைக்குப் போன பிறகு, பக்கத்து வீடுகளும் பூட்டியிருந்த காலை பதினொரு மணிக்கு, ஓர் இரும்பு வாளியில் ஈரச் சாக்கைக் கந்தலோடு சேர்த்துக் கொளுத்தி அவர் வாசலில் வைத்தேன். தீ பரவிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். மழை நாள், ஜன்னல்கள் சாத்தியிருந்தன. புகை மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. தீப்பிடித்துவிட்டது, வெளியே வாருங்கள் என்று கதவைத் தட்டினேன். பக்கத்து வீட்டார் வந்துபோக வசதியாக அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. நடக்கக்கூடியவர் ஒரே நொடியில் வெளியே வந்துவிடுவார். படம் எடுக்க போனைத் தயாராக வைத்திருந்தேன்.

"என்னால வர முடியாது. யாராவது கதவைத் திறங்க."

முதலில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். காத்திருந்தேன். தொப்பென்று ஏதோ விழுந்தது. பிறகு தரையில் எதையோ இழுக்கிற சத்தம், நின்று நின்று, கதவை நோக்கி வந்தது. கதவின் அடியில், என் காலுக்குப் பக்கத்தில், இருமல் கேட்டது.

"சார், நீங்கதானே. குரல் தெரியுது சார்."

கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பிடி அசைந்தது. நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் குரலை அடையாளம் கண்டுகொண்டதற்காகப் பிடித்தேன் என்று நினைக்காதீர்கள். சோதனை பாதியில் கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். அசைவு நின்றது. அதற்குப் பிறகும் கால்மணி நேரம் பிடித்திருந்தேன். மனைவி வந்து பார்த்தபோது அவர் கதவுக்குப் பின்னால் இறந்து கிடந்தார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். கதவோரம் இருந்த ஸ்டூலைப் பிடித்துக் கையாலேயே எம்பியிருக்கிறார், நகங்கள் பெயர்ந்திருக்கின்றன என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்தக் கைப்பிடி தரையிலிருந்து மூன்றரை அடி உயரம், ஐயா. எழுந்து நிற்க முடியாதவருக்கு அது எட்டுமா? அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.