பாதியில் நின்ற பெற்றோல்

மாங்குளம் பெற்றோல் செட்டில் எனக்கு முன்னால் ஒரு புதுக்கார். இருக்கைகளின் பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் நின்றேன். காது எப்போதோ முன்னால் போய்விட்டது.

"எவ்வளவு அண்ணை?" என்றான் பெற்றோல் அடிப்பவன்.

"முழுக்க நிரப்பும். இண்டைக்கே கொழும்புக்குப் போறன்" என்றான் காரோட்டி.

பக்கத்திலிருந்த தாய் மகன் பக்கம் திரும்பினார். "நிரப்பாதை தம்பி. உன்ர அப்பாவும் முழுக்க நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்ட அண்டைக்குத்தான் வராமல் விட்டவர்."

"அம்மா, அது சண்டைக்காலம்."

"பாதி ராங்க் பெற்றோலோட போறவன் பாதி வழியிலயாவது திரும்புவான்."

மகன் சிரித்தான். பெற்றோல் அடிப்பவனிடம், "நீர் அடியும்" என்றான்.

கொஞ்ச நேரத்தில் குழாய் 'டக்' என்று நின்றது.

"நிரம்பீட்டுதோ?"

"இல்லை அண்ணை, பாதிதான் போயிருக்கு. நுரை தட்டினாலும் நிக்கும்." குழாயைச் சற்று வெளியே இழுத்து மறுபடி அமுக்கினான். டக். இன்னொரு தரம். டக்.

பிறகு தாய் கார்க் கண்ணாடிக்கு வெளியே, ஆளில்லாத பக்கம் பார்த்து, புருசனிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்: "இஞ்சாருங்கோ, அவனுக்கு விளங்கீட்டுது. போதும், குழாயை விடுங்கோ."

மகன் இறங்கி, மூடியைத் தானே திருகி மூடினான். கார் கொழும்புப் பக்கம் போகவில்லை. வந்த வழியே திரும்பியது.

அடுத்தது என் முறை. அதே குழாயால் என் ராங்க் ஒரு தரமும் நிற்காமல் விளிம்புவரை நிரம்பியது.