இறுக்கிப் பிடிச்சது தப்பாம்

கதவுக்கு ஒண்ணும் இல்ல சார். கதவு நல்லாத்தான் இருக்கு. முந்தாநாளும் நல்லாத்தான் இருந்துச்சு. மொதல்ல நீங்க உக்காருங்க, சொல்றேன். இப்படி இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னீங்கன்னா எனக்குப் பேச்சு வராது.

ஆமா, நான்தான் தளத்தி விட்டேன். மேல இருக்கு பாருங்க, கதவ மெதுவா மூட வைக்கற டோர் குளோசர், அதோட பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ. வேலைய முடிச்சுட்டுக் கெளம்பும்போது அத லேசா ஒரு திருகு திருகி விட்டுட்டுப் போயிடுவேன். மறுநாள் உங்க பசங்க வர வரக் கதவு டமார் டமார்னு அடிக்கும். நீங்க திட்டிக்கிட்டே போன் பண்ணுவீங்க. நான் பையத் தூக்கிட்டு ஓடி வருவேன். தப்புதான். ஆனா வேற எப்படி சார் வர்றது? அம்பது தாண்டின ஆளு, டியூஷன்ல பசங்களோட பெஞ்சுல உக்காந்து பாடம் கேக்கணும்னு வந்து நின்னா நீங்களே சிரிச்சிருப்பீங்க. இப்பவே சிரிக்கறீங்க.

பசங்களுக்கு எல்லாம் தெரியும். கடைசி பெஞ்சுல கண்ணாடி போட்ட பொண்ணு ஒண்ணு இருக்கே, நேத்து அது மெதுவா என்கிட்ட வந்து, அங்கிள், உங்களுக்குப் புரிஞ்சுதான்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். எங்களுக்கும்தான்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குக் கூட நான் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். நீங்க பாட்டுக்குப் பலகைய அழிச்சுட்டு அடுத்த பாடம்னு சொல்லிட்டீங்க. அதான் ஏணி மேலேர்ந்து, சார், உந்தம் பாடம் இன்னும் முடியலயேன்னு கத்திட்டேன். எனக்கு முடியல சார். அதத்தான் சொன்னேன்.

மொதல் தடவ வந்தது நெசமாவே கதவு ரிப்பேருக்குத்தான். சத்தியமா. நான் மேல நின்னு திருகிட்டு இருக்கேன், நீங்க கீழ பாடம் நடத்திட்டு இருக்கீங்க. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினா உந்தம்னீங்க. சரி, என்னமோ சொல்றாருன்னு இருந்தேன். அப்புறம், வேகமா வர்ற ஒண்ணு நிக்கணும்னா அந்த உந்தம் மொத்தமும் தீரணும், அது தீர விசையும் வேணும் நேரமும் வேணும், நேரம் கொறஞ்சா விசை எகிறும், கெட்டியாப் பிடிச்சு டக்குனு நிறுத்தறதுதான் இருக்கறதுலயே மோசம்னு சொன்னீங்க. நான் ஏணியிலேர்ந்து விழப் பாத்தேன் சார். ஏன்னா அதே வார்த்தைய ஒரு ஆளு என் மூஞ்சிக்கு நேரா ஏற்கனவே சொல்லியிருந்தான்.

யாரா? கோச்சு. என் பொண்ணுக்குச் சுவர் ஏறக் கத்துக் குடுக்கற ஆளு.

எனக்கு ஒரே பொண்ணு. வீட்டுல பல்லின்னுதான் கூப்புடுவோம். நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே ஜன்னல் கம்பியில தொங்கின பொண்ணு, வேற என்ன பேரு வைக்கறது? இப்ப மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறா. சாயந்தரம் ஆனா போதும், அந்தச் சுவர் ஏறற ஹாலுக்குப் போயிடுவா. கூரை வரைக்கும் சுவரு, அதுல கலர் கலராக் கைப்பிடிக் கட்டி பதிச்சு வச்சிருக்காங்க. மேல போக மாடிப்படி கண்டுபிடிச்சு எவ்வளவு காலம் ஆச்சு, இதுங்களுக்கு அது பிடிக்கல.

நான்தான் கீழ நின்னு கயிறு பிடிக்கற ஆளு. அவதான் பழக்கினா. அவ இடுப்புல ஒரு பெல்ட்டு, என் இடுப்புல ஒரு பெல்ட்டு, நடுவுல கயிறு. ஏற ஏறச் சுவத்துல இருக்கற வளையத்துல கயித்த மாட்டிக்கிட்டே போவா. நழுவினான்னா, கடைசியா மாட்டின வளையத்தத் தாண்டிக் கீழ வந்துதான் தொங்குவா. நான் பிடிச்சு நிறுத்தணும். அவ்வளவுதான் வேலை. அவ கூப்புட்டதும் எனக்குக் காலு தரையில நிக்கல சார், அது வேற விஷயம். இந்த வயசுப் பொண்ணுங்க அப்பாவ எங்க கூப்புடுதுங்க, சொல்லுங்க.

ஒரு நாள் நழுவிட்டா. சும்மா இல்ல, நல்ல ஒசரத்துல. நான் பாத்துட்டேன். பாத்ததும் ரெண்டு கையாலயும் கயித்த வெடுக்குனு இழுத்துப் பின்னாடி சாஞ்சு பொத்துனு தரையில உக்காந்துட்டேன். தொண்ணூத்தஞ்சு கிலோ சார் நானு. கயிறு ஒரு விரக்கடை நகரல. அவ அந்தரத்துல சடக்குனு நின்னா, நின்ன வேகத்துல அப்படியே உள்பக்கம் ஊசலாடிப் போய் சுவத்துல மோதினா. கணுக்கால்ல கேட்ட சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

இப்ப நீங்களே சொல்லுங்க. நான் விட்டேனா? விடல. தரைக்கு வந்தாளா? வரல. உசுரக் குடுத்துப் பிடிச்சேன். அந்தக் கோச்சு ஓடி வந்து அவ கால நேரா வச்சுட்டு, நிமிந்து என்னப் பாத்து, ரொம்ப இறுக்கிப் பிடிச்சுட்டீங்க சார், அதான்னு சொல்றான். இறுக்கிப் பிடிச்சது தப்பாம்! பெத்த பொண்ணு மேலேர்ந்து வர்றா, கொஞ்சம் லூசாப் பிடிப்போம்னு எவனாவது யோசிப்பானா? அவன் சட்டையப் பிடிக்காத குறைதான். வீட்டுக்கு வந்தா அவங்கம்மா, உங்களுக்குப் பிடிக்கவும் தெரியாது, விடவும் தெரியாதுன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்திக்கிட்டா. அந்தக் கதவுக்கும் நான்தான் குளோசர் போட்டிருக்கேன். கோவத்துல அடிச்சுச் சாத்தினா, அது மெதுவாத்தான் மூடுச்சு. அது அவளுக்கு இன்னும் கோவம்.

பல்லியா? அவ திட்டவே இல்ல. அதுதான் சார் தாங்கல. மாவுக்கட்டோட உக்காந்துக்கிட்டு, அப்பா, ரிமோட்ட எடுன்னுதான் சொன்னா. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்த திருப்பித் திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

அப்ப ஆரம்பிச்ச கடுப்பு. ஆறு மாசம் கழிச்சு உங்க ஏணி மேல நிக்கறேன், நீங்களும் அதையே சொல்றீங்க. அவன் சொன்னா அவன் வாய்க்கு வந்ததுன்னு விட்டுடலாம். பாடத்துலயே இருந்தா என்ன பண்றது? சரி, அப்படி என்னதான் கணக்குன்னு புரிஞ்சுக்கலாம்னு பாத்தேன். புரிஞ்சாத்தானே.

விசையையும் நேரத்தையும் பெருக்கினா கணத்தாக்குன்னீங்களா, நான் என்ன நெனச்சேன்னா, கணத்தாக்குன்னா அந்த அடி. அன்னைக்குக் கணத்தாக்கு பெருசாப் போச்சு, அதான் காலு ஒடஞ்சுதுன்னு ஒரு மாதிரி மனசுக்குள்ள முடிச்சுக்கிட்டேன். நேத்து நீங்க அந்தக் கடைசி பெஞ்சு கண்ணாடிப் பொண்ணப் போட்டு வறுத்து எடுக்கறீங்க, மெத்தையில விழுந்தாலும் தரையில விழுந்தாலும் கணத்தாக்கு ஒண்ணுதான், எத்தனை தடவ சொல்றதுன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ரெண்டும் ஒண்ணுன்னா மெத்தை எதுக்கு சார்? எலும்புக்கு மட்டும் எப்படித் தெரியுது?

வீட்டுல போட்டுப் பாத்தேன். தலகாணி மேல ஒரு டம்ளர், வெறுந்தரையில ஒரு டம்ளர், ஒரே ஒசரத்துலேர்ந்து. தரையில போட்டது நசுங்கிப் போச்சு. அவங்கம்மா எட்டிப் பாத்துட்டு, கால ஒடச்சது பத்தலையா, பாத்திரமும் வேணுமான்னு கேட்டா. ரெண்டுலயும் கணத்தாக்கு ஒண்ணுதான்டின்னேன். அவ என்னப் பாத்த பார்வை இருக்கே.

என்ன? கதவா? கதவப் பத்தி நீங்க எனக்குச் சொல்லப் போறீங்களா? சரி, கேளுங்க. குளோசர் உள்ள என்ன இருக்குன்னா, எண்ணெய் இருக்கு. கதவு மூட மூட எண்ணெய் ஒரு சின்ன ஓட்டை வழியா ஒதுங்கி வழி விடும். ஸ்க்ரூவ முடுக்கினா ஓட்டை சிறுசாகும், கதவு நிதானமா வந்து நிக்கும். தளத்தி விட்டா எண்ணெய் சடார்னு போயிடும், கதவு போய்ச் சட்டத்துல டமார்னு அடிக்கும். இது தெரியாமயா இவ்வளவு வருஷம் தொழில் பண்றேன்?

அதே கதவுதான். ஆமா, எடையும் அதேதான். பசங்க அடிச்சு விடற வேகமும் அதேதான். ரெண்டு தடவையும் கடைசியில நின்னுதான் போகுது. அப்போ... இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. தீர்க்க வேண்டிய உந்தம் ரெண்டுலயும் ஒண்ணு. எண்ணெய் அத வழி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்குது. சட்டம் மொத்தத்தையும் ஒரே நொடியில வாங்குது. மொத்தத் தொகை, அதான் கணத்தாக்கு, அது ஒண்ணு, வாங்கற நேரம்தான் வேற, அதனால அடி வேற.

அடச்சே. அப்போ அன்னைக்கு நான் சட்டமா இருந்திருக்கேன். எண்ணெயா இருந்திருக்கணும்.

இத மொதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல சார்! பந்து, கார், துப்பாக்கின்னு எதெதையோ சொன்னீங்க. தலைக்கு மேல ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கேன், அத ஒருத்தரும் காட்டல. உங்களச் சொல்லி என்ன, மாட்டினவன் நான். ஊர்ல இருக்கற கதவெல்லாம் அடி வாங்காமப் பாத்துக்கிட்டேன். இப்ப நெனச்சா என்னையே நாலு சாத்து சாத்தணும் போல இருக்கு.

சரி, ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுங்க, போயிடறேன். பலகையில எழுதுங்க. நான் தொண்ணூத்தஞ்சு, அவ நாப்பத்தெட்டு. கிட்டத்தட்டப் பாதி. இவ்வளவு கனமான ஆளு கீழ நின்னா அவ ஒடம்பு சடக்குனுதான் நிக்கும், இல்லையா? நான் எண்ணெய் மாதிரி எப்படி சார் ஒதுங்கறது, பீரோ மாதிரி இருக்கேன். முடியாதுதானே? கணக்குப்படி இது சரிப்படாது, அதானே?

குதிக்கணுமா.

அதாவது கயிறு இழுக்கும்போது எதுத்து நிக்கக் கூடாது. கயித்தப் பிடிச்ச கை விடவே கூடாது, அது விட்டா போச்சு. கை பிடிச்சபடியே இருக்கணும், ஒடம்பு மட்டும் அதோட ஒரு எம்பு எம்பி முன்னாடி போயிடணும். அப்போ அவ வந்து நிக்கறதுக்கு ஆகற நேரம் நீளும். கோச்சும் இதத்தான் சார் சொன்னான். கரெக்டா இதையே சொன்னான். சனியன் பிடிச்சவன். அப்போ கனமான ஆளும் பண்ணலாம். கணக்குல தடை ஒண்ணும் இல்ல. நல்லாத் தெரியுமா? இன்னொரு தடவ பாருங்க.

இல்ல, சந்தோஷம்தான். மூஞ்சி அப்படித்தான் இருக்கும், கண்டுக்காதீங்க.

உண்மையச் சொல்லிடவா? புரிஞ்சுக்க வந்தேன்னு சொன்னது பாதிதான். உங்க வாயால ஒரு முடியாது கேட்டுட்டுப் போகலாம்னுதான் இவ்வளவு நாள் ஸ்க்ரூவத் திருகினேன். அத அப்படியே எடுத்துக்கிட்டுப் போய், பாரும்மா, பாடத்துலயே போட்டிருக்கான், கனமான ஆளு லேசான ஆளப் பிடிக்கக் கூடாதாம், அப்பாவுக்கு ஆசைதான், விஞ்ஞானம் ஒத்துக்கலன்னு சொல்லிடலாம்னு பாத்தேன். பயமா இருக்குன்னு பொண்ணுகிட்ட எப்படி சார் சொல்றது? ஆளப் பாத்தா பீரோ மாதிரி இருந்துக்கிட்டு. அவ விழுந்தா நான் எம்பணும்னு சொல்றீங்க. புள்ள விழும்போது கையும் காலும் கணக்குப் பாத்தா வேலை செய்யும்? அது பாட்டுக்கு இழுக்கும். இப்பக் கூட, உங்க மேஜையிலேர்ந்து அந்தப் பேனா உருண்டுச்சு பாருங்க, என் கை எப்படிப் போச்சுன்னு பாத்தீங்கல்ல.

ஹாரன் கேக்குதா? கீழ. ஆமா, அவதான். வண்டியில நிக்கறா, தோள்ல கயிறு இருக்கும் பாருங்க. காலு நல்லாயிடுச்சு, ரெண்டு வாரமா மறுபடி ஏறிக்கிட்டுத்தான் இருக்கா. கோச்சுதான் பிடிக்கறான், நல்லாத்தான் பிடிக்கறான். அவனே போதும்னு நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். நேத்து சாப்பிடும்போது தட்டப் பாத்துக்கிட்டே சொல்றா, நாளைக்கு நீதான் வர்ற, நான் அதே எடத்துக்கு ஏறிப் போய் வேணும்னே கைய விடப் போறேன், ஒரு தடவ இல்ல, உனக்குப் பழகற வரைக்கும் விட்டுக்கிட்டே இருப்பேன், பாதியில பசிக்குதுன்னு சொல்லிக் கெளம்பாதேன்னுட்டா. அவங்கம்மா அதக் கேட்டுட்டு, எனக்கு மட்டும் இன்னொரு கரண்டி போட்டா.

வரேன் சார். ஸ்க்ரூவ இப்ப நல்லா முடுக்கிட்டேன், இனிமே அடிக்காது. நீங்க எந்திரிக்க வேணாம், கதவ இழுத்துச் சாத்தவும் வேணாம். விட்டுடுங்க, அதுவே மூடிக்கும்.