கத்பர்ட் டாட்ஸின் ஒன்பதாம் வாரத் தாள்

தலைமையேற்றிருக்கும் போதகர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சுரங்க மேலாளர் திரு. லைல் அவர்களே, வெதர்லா நிலக்கரிச் சுரங்கத்துத் தோழர்களே, கணவரைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இசபெல் டாட்ஸ் அம்மையாரே!

மூன்று குளிர்காலமாகச் செவ்வாய்தோறும் இதே கூடத்தில் நின்று பாடம் நடத்தியவன் நான். இன்று இரங்கல் கூட்டத்தில் பேச நிற்கிறேன்.

கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களைத் தேடிக் கல்லூரியே போகட்டும் என்று பல்கலைக்கழகம் எங்களை அனுப்பியது. கொடுக்க வந்தவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. அதை இறக்கியவர் கரிவெட்டும் கத்பர்ட் டாட்ஸ். பகலெல்லாம் வெட்டிவிட்டு வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். கேட்ட பாடத்தை மறுநாள் சுரங்கத்துக்குள் சாப்பாட்டு வேளையில், வகுப்புக்கு வராதவர்களுக்குச் சொல்லுவார். அவர் வாராவாரம் எழுதித் தரும் விடைத்தாளில் கரிவிரல் பதிந்திருக்கும். கேட்டால், “எங்க கரி தொவச்சா போயிடும் ஐயா. உங்க செவப்பு மைதான் போகவே மாட்டேங்குது” என்பார்.

ஒன்பதாம் வாரக் கேள்வி காற்றோட்டம் பற்றியது. மூன்றாம் சுரங்கவழியில் காற்று வருவதில்லை, விளக்குச் சுடர் சுருங்குகிறது என்று எழுதியிருந்தார். நான் பதறினேனா? மேலாளரிடம் ஓடினேனா? இல்லை. “கண்டது போதாது, அளந்து எழுதுக” என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்.

“அளந்துட்டா நம்புவாங்களா ஐயா?”

“அளவு இருந்தா நம்பித்தானே ஆகணும்” என்றேன். படித்தவன் பேச்சு!

போன வியாழன் வேலை முடிந்து எல்லோரும் மேலேறிய பின் அவர் அளப்பதற்காகத் தனியே மூன்றாம் வழிக்குத் திரும்பினார். நச்சுக்காற்று அவரை விடவில்லை. கையில் இருந்த தாளில், “நான்காம் நிமிடம், சுடர் பாதி. ஆறாம் நிமிடம், நூலளவு.” அதற்குமேல் எழுத்து இல்லை.

வேலை முடிந்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று நிர்வாகம் கேட்கிறது. நாளை மரண விசாரணையிலும் கேட்கும். நான் வாய் திறந்தால் நிர்வாகத்துக்குச் சொந்தமான இந்தக் கூடம் வகுப்புக்குக் கிடைக்காது என்று எனக்குச் சொல்லியாயிற்று. திரு. லைல் அவர்களே, கூடத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள்.

நேற்று இரண்டு தாளையும் என்னிடம் தந்தவர் இசபெல் அம்மையார். “ஒளிக்காம படிங்க. நீங்க எழுதுனதையும் சேத்துத்தான்” என்றார். நாளை விசாரணையில் படிப்பேன், அம்மா. அவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், நான் கொடுத்த வேலை என்பேன்.

தோழர்களே, அடுத்த செவ்வாய் போதகரின் தேவாலயத்தில் வகுப்பு உண்டு. கேள்வி அதேதான்: மூன்றாம் வழியில் காற்று வருகிறதா? இம்முறை அளக்க யாரும் தனியே போக வேண்டாம். விளக்கை நான் பிடிக்கிறேன்.