சத்தம் போடாத மிஷின்

— சத்தம் போடாம இரும்பு வெட்டுற மிஷினா? பொய் சொல்ல மாட்டேன் அங்கிள், இந்த வாரத்துல இதக் கேக்குற ரெண்டாவது ஆளு நீங்க. இரும்ப வெட்டினா கத்தத்தான் செய்யும் லா.

— சத்தமே வரக்கூடாதுன்னு சொல்லல பாஸ். அதாவது, பக்கத்து வீட்டுக்குக் கேக்காம இருந்தா போதும்.

— கேட்டுக்கோம்மா இந்தக் கூத்த. வெளிய போர்டுல தங்கமணி ஹார்ட்வேர்னு போட்டிருக்கே, தங்கமணி நீதானா?

— நான்தான் ஆன்டி. அப்பா எனக்குப் பேரு வெச்சாரா, கடைக்கு வெச்சாரான்னு இன்னும் தெரியல.

— பென்ஷன் வாங்கி ஆறு மாசம் ஆகல, இவருக்கு ஹாபி வந்துருச்சு தங்கமணி. ஊர்ல மத்த ஆம்பளைங்க மீன் புடிக்கப் போறாங்க. பரமேஸ்வரன் சாருக்கு மட்டும் கார் போர்ச்சுல பட்டறை வேணுமாம்.

— மலர், நீ கொஞ்சம் சும்மா இரு. பாஸ், நீங்க சொல்லுங்க. பட்ஜெட் சின்னது.

— மலிவுன்னா இந்தச் சின்ன கிரைண்டர்தான் அங்கிள். எல்லாரும் இதத்தான் எடுப்பாங்க. ஆனா இதுக்கு வாய் பெருசு, போட்ட உடனே நாலு வீடு எழுந்துக்கும்.

— அப்ப வேணாம்.

— அந்த மேசையில வெச்சு வெட்டுற பெரிய கட்டர்?

— அது இன்னும் மோசம் ஆன்டி. பிளாஸ்மா கட்டர் வாங்கினா காத்தடிக்கிற கம்பிரசரும் சேத்து வாங்கணும், அது நிக்காம உறுமும். அங்கிளுக்கு பேண்ட்சா ரம்பம்தான் சரி. கையில புடிச்சு வெட்டலாம், மெதுவா வெட்டும், வீட்டுல மாவாட்டுற மிஷின் அளவுக்குத்தான் சத்தம். புதுசு வெல கூட. ஒருத்தர் திருப்பிக் குடுத்தது ஒண்ணு உள்ள கெடக்கு, பிளேடு மட்டும் புதுசா மாட்டித் தரேன்.

— நல்லது பாஸ். வெல்டிங்குக்கு? யூடியூப்ல கேஸ் இல்லாத மிக் வெல்டிங் மிஷின் வாங்குன்னு ஒருத்தன் சொல்றான்.

— அவன் வித்துருவான், நீங்கதானே வெல்டிங் பண்ணணும்? குச்சி வெல்டிங்ல ஆரம்பிங்க அங்கிள். இந்தச் சின்ன இன்வர்ட்டர் வெல்டிங் மிஷின் போதும். கரண்ட கொறச்சு வெச்சு மெல்லிசு குச்சி போட்டா வீட்டு பிளக்கே தாங்கும். மிச்சக் காச மாஸ்க்குல போடுங்க, தானா கறுக்குற கண்ணாடி. மிஷின் மட்டமா இருந்தா வெல்டிங்தான் அசிங்கமாகும். மாஸ்க் மட்டமா இருந்தா கண்ணு போயிரும்.

— போச்சு. கண்ணுக்கு வேற ஆபத்தா?

— மலர்…

— என்னதான் செய்யப் போறீங்க அங்கிள்? அதச் சொன்னா இரும்பையும் இப்பவே எடுத்துரலாம்.

— அதாவது… பூந்தொட்டி ஸ்டாண்டு.

— நம்ம வீட்டுல இருக்குறது ரெண்டு தொட்டி. ரெண்டுலயும் கறிவேப்பில.

— அளவு அங்கிள்?

— மூணு அடி அகலம், ஆறு அடி உயரம். கீல் ரெண்டு. தாழ்ப்பாள் ஒண்ணு.

— கறிவேப்பிலைக்கு எதுக்குங்க தாழ்ப்பாள்? அது எங்க ஓடப் போகுது?

— பொய் சொல்ல மாட்டேன் அங்கிள், இது ஸ்டாண்டு இல்ல. கேட்டு.

— ஏங்க, இங்க பாருங்க. முகுந்தன் வீட்டுப் பக்கமா?

— ஆமா மலர்.

— ஐயோ, இத என்கிட்ட சொல்ல என்னங்க? தங்கமணி, முகுந்தன் இவரு தம்பிம்மா. ஒட்டுன வீடு, நடுவுல கம்பி வேலி. பொங்கலுக்கு வேலியோரமா ஒரே பானைதான் வைப்போம். அவன் மக ஷாமினிக்குக் கல்யாணம் வந்துச்சு. மொதப் பத்திரிகைய அண்ணன் வீட்டுக்குத் தட்டு வெச்சுத்தானே குடுக்கணும்? வாட்ஸ்அப்ல அனுப்பிட்டான், பக்கத்து வீட்டுலேர்ந்து!

— பெரியப்பாவுக்கு வாட்ஸ்அப்பா?

— குரூப்புல பாஸ். அதாவது, எனக்குன்னு தனியாக்கூட அனுப்பல.

— இவரும் லேசுப்பட்டவர் இல்ல. கல்யாணத்துக்குப் போகல, என்னையும் விடல. மறு வாரமே ஆள் கூட்டிட்டு வந்து வேலி முழுக்கத் தகரம் அடிச்சுட்டாரு. கேட்டுக்கோ, அன்னியோட பேச்சு நின்னுச்சு.

— இப்ப மட்டும் என்ன ஆச்சு அங்கிள்?

— ஷாமினி புள்ள பெத்து அப்பன் வீட்டுல இருக்கா. சாயங்காலம் நான் போர்ச்சுல உக்காந்தா தகரத்துக்கு அந்தப் பக்கம் அழுகுது. யாரோ தூக்கிட்டு நடக்குறாங்க, அப்புறம் நிக்குது. எனக்குப் பேத்தி லா பாஸ் அது. சத்தம் தெரியும், மொகம் தெரியாது. தாங்க முடியல.

— அதான் சத்தம் போடாத மிஷினா?

— புள்ள தூங்குமே.

— முன்னாடி கேட்டு வழியா நேரா நடந்து போயிருக்கலாமே அங்கிள்.

— எந்த மொகத்த வெச்சுக்கிட்டுப் போறது? நான் உள்ள போனாலும் தகரம் அங்கதானே நிக்கும்.

— கிரில் போடுறவன கூப்பிட்டா ஒரே நாள்ல முடிச்சுருவான். இந்த வயசுல நீங்க நெருப்போட நிக்கணுமா?

— தகரத்த ஆள் வெச்சு அடிச்சேன் மலர். கதவ நான்தான் செய்யணும்.

— சரி. ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது. தினமும் மத்தியானம் நீங்க கண்ணசந்ததும் பூண்டுக் குழம்பத் தூக்கிக்கிட்டு பின்சந்து வழியா நான் அங்க போயிட்டுத்தான் வரேன்.

— தினமுமா?

— புள்ளைய குளிப்பாட்டுறதே நான்தான்.

— யாரு மாதிரி இருக்கு?

— மூக்கு அப்படியே உங்க மூக்கு. பாவம், பொம்பளப் புள்ள. என்னங்க, கடையில வெச்சு அழுறீங்க?

— இல்ல லா. இரும்புத் தூசி.

— நாம இன்னும் எதையுமே வெட்டலையே அங்கிள். ஆன்டி, டிஷ்யூ அந்த டப்பா பக்கத்துல இருக்கு பாருங்க.

— குடும்மா. மூக்கச் சிந்துங்க. அந்த மூக்கத்தான் குடும்பத்துக்கே குடுத்திருக்கீங்க.

— அங்கிள், ஒண்ணு மறக்காதீங்க. தகரத்த மொதல்ல கழட்டி எடுத்துருங்க. அது மேல நெருப்புப் பட்டா வெள்ளப் பொக வரும், உங்களுக்கே காய்ச்சல் கொண்டு வந்துரும், புள்ளைக்கு ஆகவே ஆகாது. வெல்டிங்க பின்பக்கம் வெச்சு முடிச்சுட்டு, செஞ்ச கேட்டக் கொண்டு வந்து நட்டு போல்ட்டு போட்டு மாட்டுங்க.

— சரி பாஸ்.

— தாழ்ப்பாள் உங்க பக்கம்தானே? அதுக்குத் தக்க எடுக்குறேன்.

— இல்ல, அந்தப் பக்கம்.

— அந்தப் பக்கமா? ஏங்க, அப்ப முகுந்தன் தொறந்தாதான் நாம போக முடியும்.

— அதுக்குத்தான். அடைச்சது நான். தொறக்குறதும் வேணாங்குறதும் அவன் இஷ்டமா இருக்கட்டும்.

— நான் தினமும் போறேன், அவன் ஒரு நாளும் உங்க பேச்ச எடுத்ததில்ல. தொறக்கலன்னா என்ன பண்ணுவீங்க?

— இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். கம்பி வழியா புள்ளையாவது தெரியும்.

— அங்கிள், இருங்க. அட்ரஸ் சொல்லுங்க. சனிக்கிழம எங்க லோரி வரும்.

— நம்பர் பதினேழு, தாமான் செம்பாக்கா.

— தம்பி வீடு பதினஞ்சா, பத்தொம்பதா?

— பத்தொம்பது. ஏன் பாஸ்?

— அப்ப நீங்க எதையும் வாங்க வேணாம் அங்கிள். சத்தம் போடாத மிஷின் கேட்டு நேத்து வந்தவருக்கு இதே சாமான் எல்லாம் சனிக்கிழம பத்தொம்பதுல எறங்குது. தாழ்ப்பாள் அண்ணன் பக்கம்தான் இருக்கணும்னு அவரு ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனாரு.