ஜெயகாந்த் குடும்பம் ஏறியாச்சு

அல்பேர்ட்: கடைசி சீற் வரைக்கும் போய்ப் பாத்தனீங்களே, அண்ணை?

ஜெயகாந்த்: பாத்தன். பதினொரு பொம்பிளையள். ஒம்பது பேர் நித்திரை, ரெண்டு பேர் முறுக்குச் சாப்பிடினம். அதில ஒண்டும் என்ர மனிசி இல்லை.

அல்பேர்ட்: கக்கூசுக்குப் போயிருப்பா. பஸ் இந்தப் பெற்றோல் ஷெட்டில நிண்டு கால்மணித்தியாலம்தானே.

ஜெயகாந்த்: அங்கயும் வாசல்ல போய் நிண்டனான். ஒரு ஜெர்மன்காரி முறைச்சுப் பாத்திட்டுப் போறாள்.

அல்பேர்ட்: அப்ப... ஹைத்தாபூவில, அந்த வைக்கிங் மியூசியத்தில ஏறேக்க அக்கா உங்களோட ஏறேல்லையோ?

ஜெயகாந்த்: ஆரப்பா பாத்தது? பொம்பிளையள் பின்னுக்கு, ஆம்பிளையள் முன்னுக்கு. ஏறின உடன நாங்கள் அரசியல் கதைக்கத் தொடங்கிட்டம்.

அல்பேர்ட்: எங்கட பஸ்ஸுக்குப் பொறுப்பான லக்ஸன் மாஸ்டர் லிஸ்ட் வாசிச்சவரெல்லே.

ஜெயகாந்த்: வாசிச்சவர்தான். ஜெயகாந்த் குடும்பம் எண்டார். நான் கையைத் தூக்கி ஓம் எண்டனான்.

அல்பேர்ட்: ஒரு ஆளா இருந்துகொண்டு குடும்பத்துக்கே ஓம் போட்டிட்டியள்.

ஜெயகாந்த்: எல்லாரும் அப்பிடித்தானே போட்டவை. நீயும் போட்டனி.

அல்பேர்ட்: என்ர குடும்பத்தில நான் மட்டும்தான், அண்ணை.

ஜெயகாந்த்: சரி, இப்ப என்ர மனிசி எங்க?

அல்பேர்ட்: ரெண்டாவது பஸ்ஸில ஏறியிருப்பா. அவை எங்களுக்குப் பின்னாலதானே வெளிக்கிட்டவை.

ஜெயகாந்த்: அந்த பஸ்ஸில அவவின்ர மச்சாள் இருக்கிறா. ரெண்டு பேருக்கும் மூண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லை. நடந்து வந்தாலும் வருவா, அதில ஏறமாட்டா.

அல்பேர்ட்: அப்ப அக்கா இப்ப அந்த வைக்கிங் ஊரில தனிய.

ஜெயகாந்த்: எழுபது கிலோமீற்றர் பின்னால.

அல்பேர்ட்: போன் எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ. பாவம்.

ஜெயகாந்த்: உனக்கு ஹாம் கோயில் கதை தெரியுமோ?

அல்பேர்ட்: ஆருக்குத் தெரியாது?

ஜெயகாந்த்: அதுதான் சொல்லுறன். ஒம்பது வருசத்துக்கு முந்தித் தேருக்குப் போனம். அர்ச்சனைத் தட்டை மறக்காமல் கொண்டு வந்தன், மனிசியை மறந்திட்டன். அதை அவ கலியாண வீடு, பிறந்தநாள், செத்த வீடு ஒண்டும் விடாமல் சொல்லுறா. இது ரெண்டாம் தரம் எண்டால் நான் ஜெர்மனியில தலைகாட்டேலாது.

அல்பேர்ட்: அப்ப என்ன செய்யப் போறியள்?

ஜெயகாந்த்: நாங்களும் அங்கதான் நிக்கிறம் எண்டு சொல்லப்போறன். ஒரு மணித்தியாலம் அவவை அங்க இங்க பாக்க வைச்சால், நான் டாக்ஸி பிடிச்சுப் போய்ப் பக்கத்தில நிப்பன். விட்டிட்டு வந்ததே தெரியாது. பொறு, மணி அடிக்குது.

நிரஞ்சனா: ஹலோ... என்னப்பா, சொல்லுங்கோப்பா.

ஜெயகாந்த்: நிரஞ்சனா... எங்க நிக்கிறீர்?

நிரஞ்சனா: நானோ... நீங்கள் எங்க நிக்கிறியள்?

ஜெயகாந்த்: நான் ஏரிக்கரையில. மரப்பாலத்தடியில வைக்கிங்காரற்ர வள்ளம் கட்டியிருக்குதே, அங்க.

நிரஞ்சனா: ஆ... அங்கயோ. நான் சீப்புக்காரன்ர வீட்டில. மான் கொம்பில சீப்பு வெட்டுறானே, அவன்ர. அசையாமல் நிக்கிறன்.

ஜெயகாந்த்: நல்லது, அசையாதேயும். வடிவாப் பாரும். ஆயிரம் வருசத்துக்கு முந்தி டென்மார்க் ராசா ஆண்ட ஊர், ஓடி ஓடிப் பாத்தால் விளங்காது.

நிரஞ்சனா: நீங்களும் ஆறுதலாப் பாருங்கோ. பஸ் வெளிக்கிட இன்னும் கனநேரம் இருக்காம்.

ஜெயகாந்த்: அல்பேர்ட், போனைப் பொத்திக்கொண்டுதான் கதைக்கிறன். அவவுக்கு ஒண்டும் தெரியேல்லை. பஸ் இன்னும் நிக்குது எண்டு நினைக்கிறா.

நிரஞ்சனா: என்னப்பா, இருக்கிறியளே?

ஜெயகாந்த்: இருக்கிறன், இருக்கிறன்.

நிரஞ்சனா: சாப்பிட்டனீங்களே? பிறசர் குளிசை போட்டனீங்களே? தண்ணிக்கரை குளிரும், ஜக்கெற்றைக் கழட்டாதேங்கோ. உங்களை நினைச்சுக்கொண்டுதான் நிக்கிறன்.

அல்பேர்ட்: அக்கா எப்பவும் இப்பிடியோ, அண்ணை?

ஜெயகாந்த்: இல்லையடா. எனக்குப் பயமா இருக்கு.

நிரஞ்சனா: அங்க ஆர் கத்துறது? நாப்பத்தேழாம் நம்பர் கிழங்குப் பொரியல் எண்டு கேக்குது.

ஜெயகாந்த்: அது... வைக்கிங்காரர் சாப்பாடு குடுக்கினம்.

நிரஞ்சனா: நம்பர் போட்டோ?

ஜெயகாந்த்: ஒழுங்கான சனம். அது கிடக்கட்டும், உம்மட பக்கத்தில என்ன உறுமுது?

நிரஞ்சனா: அது... மா அரைக்கிற கல்லு.

ஜெயகாந்த்: கல்லு ஹோர்ன் அடிக்குதே?

நிரஞ்சனா: மாட்டுக் கொம்பு ஊதுகினம். போர் தொடங்கப் போகுதாம்.

ஜெயகாந்த்: சரி சரி, போரைப் பாத்துக்கொண்டு அங்கயே நில்லும்.

நிரஞ்சனா: நீங்களும் ஏரியைப் பாத்துக்கொண்டு அங்கயே நில்லுங்கோ. ஒரு ரெண்டு மணித்தியாலம்.

ஜெயகாந்த்: ரெண்டு காணும். இஞ்சேரும், உம்மைத் தூரத்தில காணுறன். கை காட்டும்.

நிரஞ்சனா: காட்டுறன். நானும் உங்களைக் காணுறன்.

ஜெயகாந்த்: அல்பேர்ட்... அவ என்னைக் காணுறாவாம்.

அல்பேர்ட்: நீங்கள் பெற்றோல் ஷெட் குப்பைத் தொட்டியடியில நிக்கிறியள்.

ஜெயகாந்த்: அப்ப அவ பொய் சொல்லுறா.

அல்பேர்ட்: நீங்களும்தானே.

ஜெயகாந்த்: நான் சொல்லுறது ஒரு நல்ல காரியத்துக்கு. அவ ஏன் சொல்லோணும்? பொறு, மடக்கிப் பாப்பம். நிரஞ்சனா, நான் இப்ப என்ன செய்யிறன் எண்டு சொல்லும் பாப்பம்.

நிரஞ்சனா: நீங்களோ... ஏரியைப்... பொறுங்கோப்பா. ஒரு நிமிசம் பொறுங்கோ.

அல்பேர்ட்: அண்ணை, அந்தா ஒரு பஸ் வந்து...

ஜெயகாந்த்: சும்மா இரு, கதைக்கிறன்.

நிரஞ்சனா: உங்கட ஒரு கையில போன். மற்றக் கையில கோப்பி.

ஜெயகாந்த்: பாத்தியே அல்பேர்ட், குத்துமதிப்பா அடிச்சு விடுறா. இல்லை நிரஞ்சனா, வைக்கிங் ஊரில கோப்பிக்கு எங்க போறது? வெறுங்கையோட நிக்கிறன்.

நிரஞ்சனா: ஓ... வெறுங்கையோ.

ஜெயகாந்த்: வெறுங்கை.

நிரஞ்சனா: அப்பா... நான் ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே?

ஜெயகாந்த்: சொல்லும்.

நிரஞ்சனா: நான் அங்க இல்லை. சீப்புக்காரனிட்ட மான் கொம்பு சைவமோ மச்சமோ எண்டு கேக்கப் போனன். மச்சாளும் அதையேதான் கேட்டுக்கொண்டு நிண்டா. இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே. கதைச்சுக் கதைச்சு ராசியாகி, அவவோட ரெண்டாவது பஸ்ஸில ஏறிட்டன். இந்த பஸ்ஸுக்குப் பொறுப்பான கவிஷன் லிஸ்ட் வாசிக்கேக்க ஜெயகாந்த் குடும்பம் எண்டான். நானும் ஓம் எண்டிட்டன்.

ஜெயகாந்த்: அப்ப நான்?

நிரஞ்சனா: அரை வழியிலதான் நீங்கள் பஸ்ஸில இல்லை எண்டு கண்டனான். உங்களை விட்டிட்டு வந்திட்டன், அப்பா. சொல்ல வெக்கமாக் கிடந்தது.

ஜெயகாந்த்: அல்பேர்ட்... அவ என்னை விட்டிட்டு வந்திட்டாவாம்.

அல்பேர்ட்: நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் சரிக்குச் சரி. நீங்களும் சொல்லிப்போட்டுச் சிரிச்சு முடியுங்கோ. அதோட அண்ணை, உந்த பஸ்...

ஜெயகாந்த்: விசரே உனக்கு? ஒம்பது வருசம் வாய் திறக்காமல் இருந்தனான். இப்ப ஆண்டவனாப் பாத்து என்ர கையில தந்திருக்கிறான். பஸ்ஸைப் பேந்து பாப்பம்.

அல்பேர்ட்: அண்ணை, சொல்லுறதைக் கேளுங்கோ...

ஜெயகாந்த்: தள்ளு. நிரஞ்சனா...

நிரஞ்சனா: என்னப்பா.

ஜெயகாந்த்: பரவாயில்லை. நீர் கவலைப்படாதேயும். நான் இஞ்ச தனிய நிக்கிறன்தான். எல்லாரும் போயிட்டினம். வைக்கிங்காரரும் வீட்டை போயிட்டினம்.

நிரஞ்சனா: ஐயோ பாவம்.

ஜெயகாந்த்: காலமையில இருந்து பச்சைத் தண்ணி வாயில படேல்லை. ஏரிக் காத்து எலும்புக்குள்ளால போகுது. ஏரியில நீந்துற தாரா ஒண்டு மட்டும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. நானெண்டால் உம்மை இப்பிடி விட்டிட்டு வந்திருக்க மாட்டன். இருந்தாலும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.

நிரஞ்சனா: குளிருதோப்பா?

ஜெயகாந்த்: நடுங்குது. கண்ணால தண்ணி வருது.

நிரஞ்சனா: உங்களுக்கு நேர முன்னால வந்து நிக்கிற பஸ்ஸில, மூண்டாவது ஜன்னல்ல இருக்கிறன். டிரைவரிட்ட மைக் வாங்கிப் போனுக்குக் கிட்டப் பிடிச்சிருக்கிறன். அந்தக் கோப்பியை ஒருக்காக் கீழ வைச்சிட்டு, குளிருது எண்டதில இருந்து திரும்பச் சொல்லுங்கோ, பின் சீற்றில இருக்கிற ஆக்களுக்கு வடிவாக் கேக்கேல்லையாம்.